மலிவு யாருக்கு?

சென்னையில் சம்பாதிப்பதெல்லாம் வாடகைக்கே சரியாகிவிடுகிறது, ஊரில் இருந்தால் நாலு காசு மிச்சம் பிடிக்கலாம் என்பது பலரும் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தை யாரும் எழுதுவதில்லை.

பெருநகரத்துக் குடும்பங்களின் பேச்சில் ஓர் ஆசை அடிக்கடி தலைகாட்டும். இன்னும் சில வருடம் ஓட்டிவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட வேண்டும். இங்கே கொடுக்கிற வாடகையில் பாதிக்கு அங்கே தனி வீடே கிடைக்கும். செலவென்று பெரிதாக என்ன இருக்கப்போகிறது? அதே நேரத்தில் துறையூர், சங்கரன்கோவில், அறந்தாங்கி, செய்யாறு போன்ற ஊர்களில் படித்து முடித்த இளைஞர்கள் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். மலிவான ஊரை விட்டுவிட்டு விலையேறிய ஊருக்குப் போகும் இவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஊருக்குத் திரும்ப நினைப்பவரின் கணக்கும் சரி, ஊரை விட்டுக் கிளம்புகிறவரின் கணக்கும் சரி. இருவருக்கும் வருமானம் வரும் இடம்தான் வேறு. வெளியே சம்பாதித்து ஊரில் செலவழிப்பவருக்குச் சிற்றூர் மலிவு. அங்கேயே சம்பாதித்து அங்கேயே செலவழிப்பவருக்கு அந்த மலிவில் பெரும்பகுதி கைக்கு வந்து சேர்வதே இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஊர்களின் விலைவாசியை ஒப்பிடுவதால்தான் சம்பளக் கொள்கையிலிருந்து குடும்பத் திட்டமிடல் வரை பல முடிவுகள் தவறிப்போகின்றன.

அரசு ஊழியரின் சம்பளச் சீட்டு சொல்வது

ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவு எவ்வளவு மாறுகிறது என்பதற்கு மத்திய அரசிடமே ஒரு கணக்கு இருக்கிறது. அது ஊழியர்களின் சம்பளச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. விலைவாசி ஏறும்போது கொடுக்கப்படும் அகவிலைப்படி நாடு முழுவதும் ஒரே விகிதம். சென்னை வருமான வரி அலுவலகத்தில் இருப்பவருக்கும் ஒரு பேரூராட்சியின் அஞ்சலகத்தில் இருப்பவருக்கும் அதில் பைசா வித்தியாசம் கிடையாது. ஊரைப் பொறுத்துப் பெரிதாக மாறுவது வீட்டு வாடகைப்படி. 50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள எட்டு மாநகரங்கள் முதல் வகுப்பு. தமிழ்நாட்டில் சென்னை மட்டுமே அதில் வருகிறது. 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை இரண்டாம் வகுப்பு. கோவை, மதுரை, திருச்சி, சேலம் முதலிய நகரங்கள் அதில் அடங்கும். மற்ற ஊர்கள் எல்லாம் மூன்றாம் வகுப்பு. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017இல் வந்த ஆணை இந்த மூன்று வகுப்புக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 24, 16, 8 சதவீதம் என்று வாடகைப்படியை நிர்ணயித்தது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து அது 30, 20, 10 சதவீதமாக உயர்ந்தது. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் சென்னையில் 15,000, கோவையில் 10,000, தஞ்சாவூரில் 5,000.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பொருளாதாரக் கருத்து ஒளிந்திருக்கிறது. அரிசி, பருப்பு, துணி, மருந்து, பேருந்து என்று வாழ்க்கைக்கு வேண்டிய எல்லாம் எங்கும் ஏறத்தாழ ஒரே விலை. தலைக்கு மேல் கூரைதான் இடத்துக்கு இடம் மாறும் என்று அரசு எடுத்துக்கொள்கிறது. இந்தக் கருத்து பெருமளவு சரியானதே. நிலத்தை லாரியில் ஏற்றி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் மனையின் விலையும் வாடகையும் அந்தந்த ஊரின் தேவையை ஒட்டியே நிற்கும். ஏற்றி இறக்கக்கூடிய பொருள்களின் விலை ஊருக்கு ஊர் வெகுதூரம் விலகிப் போக முடியாது. விலகினால் வியாபாரி அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்வார், இடைவெளி தானாகவே அடைபட்டுவிடும். ஆகவே சிற்றூரில் உண்மையில் மலிவாகக் கிடைப்பவை இரண்டே. ஒன்று நிலம், அதாவது வீட்டு வாடகை. மற்றொன்று மனித உழைப்பு. முடி திருத்துவது, துணி தைப்பது, வீட்டுவேலை, சின்ன உணவகத்தில் சாப்பாடு ஆகியவை சிற்றூரில் விலை குறைவாக இருப்பது அந்த வேலைகளைச் செய்பவரின் கூலி குறைவாக இருப்பதால்தான். வாங்குகிறவர் மலிவு என்று மகிழ்வது எதிரே நிற்பவரின் குறைந்த வருமானத்தை. அந்த எதிரே நிற்பவரும் அதே ஊர்க்காரர் என்பதை விலை ஒப்பீட்டுப் பட்டியல்கள் சொல்வதில்லை.

ஒரே கூடை, இரண்டு ஊர்

மற்ற பொருள்களுக்கு வருவோம். சோப்பு, பற்பசை, பிஸ்கட், மாத்திரை போன்றவற்றின் உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலை நாடு முழுவதும் ஒன்று. பெருநகரத்துப் பல்பொருள் அங்காடி அந்த விலையிலும் தள்ளுபடி தரும்; போட்டியில்லாத சிற்றூர்க் கடையில் அச்சிட்ட விலையே கடைசி விலை. செல்பேசி ரீசார்ஜ் எங்கும் ஒரே தொகை. தங்கம் ஒரே விலை. இரு சக்கர வாகனத்தின் விலை ஊரைப் பார்த்துக் குறைவதில்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலையை வைத்துக்கொண்டிருக்கும் சென்னையைவிடப் பல மாவட்டங்களில் பெட்ரோல் சற்றுக் கூடுதல் விலை, ஏனென்றால் லாரிச் செலவு அதில் சேர்ந்துவிடுகிறது. காய்கறி, கீரை, பால் போன்றவை விளையும் இடத்துக்கு அருகே மலிவாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் காய்கறிக்கும் மொத்தச் சந்தை உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் காய்கறியில் பெரும்பங்கு கேரளத்துக்குப் போகிறது; அங்கே தேவை கூடினால் சுற்று வட்டாரத்திலும் விலை ஏறும். விளைகிற ஊர் என்பதற்காக விலை அங்கேயே தங்கிவிடாது.

இதை எண்களில் பார்க்கவும் வழியுண்டு. பொருளியலுக்கான நோபல் பரிசை 2015இல் பெற்ற ஆங்கஸ் டீட்டன், அலெஸ்ஸாண்ட்ரோ தரோஸியுடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டு வாக்கில் தேசிய மாதிரி ஆய்வின் தரவுகளை வைத்து இந்தியாவின் நகர விலையையும் ஊரக விலையையும் ஒப்பிட்டார். இடைவெளி 15 சதவீத அளவில்தான் இருந்தது. அன்றைய அதிகாரபூர்வ வறுமைக்கோடுகள் அதைவிட மிகப் பெரிய இடைவெளியை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. பிறகு வறுமையை மதிப்பிடும் முறையை ஆராய்ந்த சுரேஷ் டெண்டுல்கர் குழு ஒரே மாதிரியான தேவைகளை ஊரக விலையிலும் நகர விலையிலும் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. அந்த முறைப்படி 2011-12ஆம் ஆண்டுக்குத் திட்டக் குழு வெளியிட்ட வறுமைக்கோடு, தமிழ்நாட்டில் ஒருவருக்கு மாதம் ஊரகத்தில் 880 ரூபாய், நகரத்தில் 937 ரூபாய். இடைவெளி 7 சதவீதம்கூட இல்லை. அகில இந்திய அளவில் அது 816 ரூபாய், 1,000 ரூபாய். அந்தத் தொகைகள் வாழப் போதுமா என்று அப்போதே பெரிய சண்டை நடந்தது, அது நியாயமான சண்டை. நமக்கு இங்கே வேண்டியது தொகை அல்ல, விகிதம். அடிப்படைத் தேவைகளை வாங்குவதில் தமிழ்நாட்டின் ஊருக்கும் நகரத்துக்கும் இடையே இருந்த விலை வேறுபாடு, பலரும் கற்பனை செய்வதில் சிறு பங்குதான்.

தமிழ்நாட்டில் இடைவெளி இவ்வளவு ஒடுங்கியிருப்பதற்கு அரசின் பங்கும் உண்டு. ரேஷன் கடையில் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. அது மயிலாப்பூரிலும் ஒன்றுதான், முதுகுளத்தூரிலும் ஒன்றுதான். ரேஷன் பருப்பு, பாமாயில், சர்க்கரையின் விலையும் எங்கும் ஒன்றுதான். வீட்டு மின்சாரத்தில் இரு மாதத்துக்கு 100 யூனிட் விலக்கு எல்லா ஊருக்கும் பொது. ஊரைப் பார்க்காமல் ஒரே விலை வைத்த இடங்களில் சிற்றூரின் தனி மலிவு என்று ஒன்று இல்லை, மாநகரத்தின் தனி விலையேற்றம் என்றும் ஒன்று இல்லை.

செலவைப் பார்த்து விலையை எடைபோடக் கூடாது

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். அரசின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு, 2023-24இல் ஒரு நபரின் சராசரி மாதச் செலவை ஊரக இந்தியாவில் 4,122 ரூபாய் என்றும் நகர இந்தியாவில் 6,996 ரூபாய் என்றும் சொல்கிறது. இடைவெளி 70 சதவீதம். தமிழ்நாட்டில் ஊரகம் 5,701 ரூபாய், நகரம் 8,165 ரூபாய். இடைவெளி 43 சதவீதம். பிறகு எப்படிச் சிற்றூர் மலிவில்லை என்பது என்று கேட்கலாம். இந்த எண்களைப் பலரும் விலைப்பட்டியலாகப் படிக்கிறார்கள். அவை விலையைச் சொல்லவில்லை. மக்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதைச் சொல்கின்றன. கையில் பணம் குறைவாக உள்ளவர் குறைவாகத்தான் செலவழிப்பார். பல் வலியைப் பொறுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பவரின் மருத்துவச் செலவு பூஜ்யம். அதை வைத்து அந்த ஊரில் பல் வைத்தியம் மலிவு என்று யாரும் முடிவு கட்ட மாட்டார்கள்.

அந்த ஆய்வில் மொத்தத் தொகையைவிடப் பங்கீட்டில்தான் அதிகச் செய்தி இருக்கிறது. குடும்பச் செலவில் உணவின் பங்கு கூடக்கூட அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம் என்பதை ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே எடுத்துக்காட்டினார். 2022-23 ஆய்வில் ஊரகக் குடும்பங்கள் உணவுக்குக் கொடுத்தது 46 சதவீதம், நகரக் குடும்பங்கள் கொடுத்தது 39 சதவீதம். வாடகையில் நகரம் சுமையைத் தாங்குகிறது: நகரச் செலவில் சுமார் ஆறரை சதவீதம் வாடகை, ஊரகத்தில் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மருத்துவத்தில் நிலை தலைகீழ். ஊரகக் குடும்பம் தன் செலவில் 7 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குக் கொடுக்கிறது. நகரக் குடும்பத்துக்கு அது 6 சதவீதத்துக்குள் முடிந்துவிடுகிறது. சிறிய பையிலிருந்து பெரிய பங்கு போகிறது.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது போக்குவரத்து. 2011-12இல் ஊரகக் குடும்பங்கள் பயணத்துக்குச் செலவிட்டது 4.2 சதவீதம். 2022-23இல் அது 7.55 சதவீதம். பதினோரு ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பு. அதே காலத்தில் நகரத்தில் 6.52இலிருந்து 8.59 ஆனது. மாநகரத்துக்காரர்தான் தினமும் இரண்டு மணி நேரம் பயணம் செய்து களைத்துப்போகிறார், ஊரில் இருப்பவருக்கு எல்லாம் நடக்கிற தூரத்தில் என்ற எண்ணத்தை இந்த எண்கள் அசைத்துப்போடுகின்றன. இரு சக்கர வாகனம் வாங்கும் வசதி வந்ததால்தான் இந்த உயர்வு, இது வளர்ச்சியின் அடையாளம் என்று ஒருவர் வாதிடலாம். ஓரளவு உண்மை. ஆனால் அந்த வண்டி எங்கே போய்வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊரில் இருந்த வேலை சுருங்கி, பக்கத்து நகரத்துக்குக் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் போய்வருவது, தாலுகா அலுவலகத்துக்கும் மாவட்ட மருத்துவமனைக்கும் அலைவது, பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளியில் சேர்ப்பது என்று வாழ்க்கையே ஊருக்கு வெளியே விரிந்துவிட்டது. மாநகரத்தார் வாடகையாகக் கொடுப்பதில் ஒரு பகுதியை ஊரில் இருப்பவர் பெட்ரோலாகவும் பேருந்துக் கட்டணமாகவும் கொடுக்கிறார்.

தூரத்தின் விலை அன்றாடப் பயணத்தோடு முடிவதில்லை. பொறியியல் கல்லூரியின் கட்டணம் சென்னை மாணவிக்கும் அரியலூர் மாணவிக்கும் ஒன்று. சென்னை மாணவி வீட்டிலிருந்தே போய்வரலாம், அரியலூர் மாணவி வெளியூரில் படிக்க வந்தால் விடுதிக் கட்டணம் தனி. புற்றுநோய்க்கு ஆறு தவணை மருந்து ஏற்ற வேண்டும் என்றால், சிகிச்சை இலவசமாகவே இருந்தாலும், நோயாளியும் துணைக்கு வருபவரும் ஆறு முறை வந்துபோக வேண்டும்; அத்தனை நாள் கூலியும் போகும். இந்தச் செலவுகள் எந்த ஊரின் விலைப்பட்டியலிலும் வருவதில்லை, ஏனென்றால் அவை ஓர் ஊருக்குள் நடப்பவை அல்ல, இரண்டு ஊர்களுக்கு நடுவே நடப்பவை.

மலிவைக் காட்டிக் கூலியை வெட்டுவது

சிற்றூரின் மலிவு அங்கே உழைப்பவருக்குப் போய்ச் சேராததற்கு இன்னொரு காரணம் கூலி. அங்கே செலவு குறைவு, ஆகவே சம்பளமும் குறைவாக இருக்கலாம் என்ற வாதம் தனியார் முதலாளிகளின் வாயில் மட்டும் இல்லை, சட்டத்திலும் ஏறியிருக்கிறது. மத்திய அரசின் பொறுப்பில் வரும் பணிகளுக்கான குறைந்தபட்சக் கூலி ஊர்களை அ, ஆ, இ என்று மூன்றாகப் பிரித்தது. 2017 ஜனவரி அறிவிப்பின்படி கட்டுமான வேலையில் பயிற்சி பெறாத தொழிலாளிக்கு நாள் ஒன்றுக்கு அ வட்டாரத்தில் 523 ரூபாய், ஆ வட்டாரத்தில் 437, இ வட்டாரத்தில் 350. பெருநகரத்துக்கும் சிறிய ஊருக்கும் நடுவே 173 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் 4,498 ரூபாய். கூலி மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. வாங்கும் பொருள்களின் விலை அந்த அளவு இறங்கியதா? முன்னே பார்த்த கணக்குகளின்படி இல்லை. வாடகையில் மிச்சமாவதைக் கூலியில் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள். மலிவின் லாபம் உழைப்பவர் கைக்கு வருவதற்குள் உழைப்பை வாங்குபவர் கைக்குப் போய்விடுகிறது.

ஒரு கணக்கை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிறிய ஊரின் துணிக்கடை ஒன்றில் விற்பனையாளருக்கு மாதம் 14,000 ரூபாய் சம்பளம், வீட்டு வாடகை 4,000 என்று வைத்துக்கொள்வோம். அதே வேலைக்குச் சென்னையில் சம்பளம் 22,000, வாடகை 9,000. வாடகையை மட்டும் ஒப்பிட்டால் சென்னை இரண்டு மடங்குக்கு மேல் விலையேறிய ஊர். சம்பளத்தில் வாடகையின் பங்கைப் பார்த்தாலும் சென்னைக்காரர் நூற்றுக்கு 41 ரூபாயை இழக்கிறார், ஊர்க்காரர் 29 ரூபாயைத்தான். ஆனால் வாடகை போக மிஞ்சுவது ஊரில் 10,000, சென்னையில் 13,000. அந்த மிச்சப் பணத்தை வைத்து வாங்கும் செல்பேசி, வண்டி, தங்கம், மாத்திரை, கல்லூரிப் படிப்பு எல்லாம் எங்கும் ஏறக்குறைய ஒரே விலை. மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கையில் நிற்கும் இடம்தான் அவருக்கு மலிவான இடம். ஊரை விட்டுக் கிளம்பும் இளைஞர் இந்தக் கழித்தலைத்தான் மனத்தில் போடுகிறார். வாடகையைக் காட்டி அவரைத் தடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

இதே கழித்தலை ஓய்வூதியம் பெறுபவர் போட்டால் விடை மாறும். அவருடைய ஓய்வூதியமும் அதன் மீதான அகவிலை நிவாரணமும் சென்னையில் இருந்தாலும் தென்காசியில் இருந்தாலும் ஒன்றுதான். வரவு குறையாமல் வாடகை மட்டும் குறைகிறது; அவருக்குச் சிற்றூர் உண்மையிலேயே மலிவு. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் பணம் அனுப்பும் குடும்பத்துக்கும் அப்படியே. ஆனால் வெளிப்பணம் நிறைய வரத் தொடங்கிய ஊர் அதிக காலம் மலிவாக இருப்பதில்லை. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மனையின் விலையைத் தீர்மானிப்பது அந்த ஊரின் கூலி மட்டுமில்லை, கடல் தாண்டி வரும் பணமும்தான். சுற்றுலாப் பணம் வரும் கொடைக்கானலும் உதகையும் மக்கள்தொகையில் சிறிய ஊர்கள், வாடகையில் அப்படி இல்லை. ஊர் சிறிதாக இருப்பதால் விலை குறைவதில்லை. அங்கே புழங்கும் பணம் குறைவாக இருப்பதால்தான் விலை குறைகிறது. அந்தக் குறைந்த பணத்தைத்தான் உள்ளூர்க்காரர் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ப்புகள் உண்டு. முதலாவது சொந்த வீடு. ஊரில் பலருக்கு அப்பா, தாத்தா காலத்து வீடு இருக்கிறது. வாடகையே இல்லாதபோது கணக்கு மாறிவிடாதா? மாறும். சொந்த வீடு உள்ளவர் குறைந்த கூலியிலும் தாக்குப்பிடிக்க முடியும், சென்னையில் வாடகைக்கு இருப்பவர் வேலை இழந்தால் இரண்டு மாதத்தில் தெருவுக்கு வர நேரலாம். அட்வான்ஸ் என்ற பெயரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் நெடுநாள் வழக்கம். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. பல வீட்டுக்காரர்கள் இன்னும் பழைய வழக்கத்தையே பேசுகிறார்கள். இந்தப் பாதுகாப்பின்மை ஊரில் குறைவு என்பதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு வாடகை தராமல் இருப்பது ஊரின் மலிவு ஆகாது. முந்தைய தலைமுறை விட்டுச்சென்ற சொத்தின் பலன் அது. சென்னையில் பூர்வீக வீடு உள்ளவருக்கும் அதே பலன் கிடைக்கிறது, அவருடைய வீட்டுக்கு விற்பனை மதிப்பும் பல மடங்கு. சொந்த வீடு இல்லாத விவசாயக் கூலிக் குடும்பத்துக்கோ, வேலை மாற்றலில் வந்தவருக்கோ ஊரிலும் வாடகைதான், இல்லாவிட்டால் ஒத்திக்குப் பெரிய தொகை புரட்ட வேண்டும். ஊரகக் குடும்பங்கள் வாடகை கொடுப்பதில்லை என்ற எண்ணம் புள்ளிவிவரத்திலேயே ஊறியிருந்தது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் நகர வீட்டுச் செலவுக்கு 21.67 சதவீத எடை தரப்பட்டது. ஊரகக் குறியீட்டில் வீட்டு வாடகைக்கு இடமே தரப்படவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இணையம். வேலை ஊருக்கே வந்துவிட்டதே, இனி எதற்குப் பெருநகரம் என்பது. ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவும் 2019இல் அந்தப் பகுதிக்கே குடிவந்தார். 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய இடங்களில் சிறிய டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் திறக்கப்பட்டன. இவை வரவேற்க வேண்டியவை. அவை இந்தக் கட்டுரையின் வாதத்தை மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகின்றன. உலகச் சந்தையில் விற்கும் மென்பொருளை எழுதித் தென்காசியில் செலவழிப்பவர், வெளியே சம்பாதித்து உள்ளே செலவழிப்பவர்தான். மென்பொருளுக்கு முன்பே இதைச் செய்துகாட்டிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. சிவகாசி அச்சும் பட்டாசும் விற்று நாடெங்குமிருந்து பணத்தைக் கொண்டுவந்தது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளை நாடெங்கும் அனுப்பியது. நாமக்கல் முட்டையையும் லாரியையும் வைத்து வளர்ந்தது. வெளிச் சந்தைக்கு விற்க ஏதாவது ஒன்று இருக்கும் ஊரில்தான் மலிவு அங்குள்ளவருக்குப் பயன்படுகிறது. அப்படிப் பயன்படும்போதும் கூலிக்காக முதலாளியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதைச் சிவகாசியின் வரலாறே சொல்லும்.

மூன்றாவது எதிர்வாதம் மாநகரத்து ஏழைகளைப் பற்றியது. சென்னையின் துப்புரவுத் தொழிலாளியையும் வீட்டுவேலை செய்பவரையும் பார்த்துவிட்டு யாராவது பெருநகரம் மலிவு என்பார்களா? யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அவர்களுடைய அனுபவமும் தூரத்தின் விலையைத்தான் காட்டுகிறது. நகரின் நடுவே கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்குக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கிடைத்தது. கூரை மலிவாயிற்று, வேலையும் பள்ளியும் பல கிலோமீட்டர் தள்ளிப்போயின. வீட்டுவேலைக்கு நடந்து போனவர்கள் பேருந்தை நம்ப வேண்டியதாயிற்று. சிலர் வேலையையே விட்டார்கள். சிற்றூரில் வாழ்பவர் சந்திக்கும் அதே கணக்கு, மாநகரத்தின் விளிம்பில். மலிவான கூரைக்கும் வருமானத்துக்கும் நடுவே தூரத்தைப் போட்டால் மலிவு கரைந்துவிடும் என்பதை அது இன்னும் சிறிய வட்டத்தில் நிரூபிக்கிறது.

காற்று, அமைதி, உறவுகளின் துணை, ஆத்திர அவசரத்துக்கு ஓடிவரும் அக்கம்பக்கம் என்று பணத்தில் அளக்க முடியாத நன்மைகளையும் ஊரின் வரவில் எழுதத்தான் வேண்டும். செலவுப் பக்கமும் அதற்கு இருக்கிறது. நெருங்கிய ஊரில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா வரி, இழவு வீடு எதையும் தவிர்க்க முடியாது. புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரத்தில் மொய் விருந்து ஒரு முழுக் கடன் முறையாகவே இயங்குகிறது. கைமாற்று கிடைப்பதும் அங்கேதான், கந்துவட்டியில் சிக்குவதும் அங்கேதான். சாதி தெரிந்துதான் வீடு கிடைக்கும் ஊரில் வாடகை குறைவு என்பது எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. சென்னையிலும் சாதியைக் கேட்காத வீட்டுக்காரர்கள் குறைவு என்றாலும், தேடிப்பார்க்க அங்கே தெருக்கள் அதிகம்.

என்ன செய்யலாம்

இத்தனைக்கும் பிறகு, ஊரிலிருந்து யாரும் கிளம்பக் கூடாது என்றோ எல்லோரும் மாநகரம் போக வேண்டும் என்றோ முடிவு கட்டத் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே மக்களில் 48 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் வாழ்ந்த மாநிலம் இது; அந்த நகர்ப்புறம் ஒரே சென்னையாகக் குவியாமல் நூற்றுக்கணக்கான பேரூராட்சிகளாகவும் நகராட்சிகளாகவும் பரவிக்கிடக்கிறது. இந்தப் பரவல்தான் நமது ஊரக, நகரச் செலவு இடைவெளியை அகில இந்திய இடைவெளியைவிடக் குறைவாக வைத்திருப்பதற்கு ஒரு காரணம். இதைக் காப்பாற்ற மூன்று வேலைகள் செய்யலாம்.

முதலில் அளக்க வேண்டும். இன்றைய புள்ளிவிவரத்தில் ஊரகம், நகரம் என்று இரண்டே பெட்டிகள். அறந்தாங்கியும் சென்னையும் ஒரே நகரப் பெட்டியில் விழுகின்றன. வாடகைப்படிக் கணக்கிலோ ஒரு சின்னப் பேரூராட்சியும் நாகர்கோவிலும் ஒரே வகுப்பில் அமர்கின்றன. சிறிய நகரங்களின் வாடகை, பயணச் செலவு, கூலி மூன்றையும் தனியே திரட்டி வெளியிட்டால்தான் மலிவு என்ற சொல்லை வைத்துக் கூலி பேசுபவரிடம் திருப்பிக் கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கும்.

இரண்டாவது கூலி. ஊருக்கு ஊர் குறைந்தபட்சக் கூலி மாறலாம் என்று வைத்தால், அந்த வேறுபாடு வாடகையின் வேறுபாட்டைத் தாண்டக் கூடாது. வாடகைக்கு மட்டும் ஊர்வாரியாகப் படி கொடுத்துவிட்டு மற்றதை எங்கும் சமமாக வைக்கும் முறையை அரசு தன் ஊழியர்களுக்கு நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறது. குமாஸ்தாவுக்குப் பொருந்தும் தர்க்கம் கொத்தனாருக்கும் பொருந்த வேண்டும். இதற்கு வரும் மறுப்பு, கூலி ஏறினால் ஆலைகள் சிறிய ஊர்களுக்கு வராது என்பது. ஆலைகள் நிலத்தின் விலையையும் சாலையையும் துறைமுகத்தின் அருகாமையையும் பார்த்தே பெரும்பாலும் இடம் தேர்கின்றன. அந்த மலிவுகள் அவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும். தொழிலாளியின் சாப்பாட்டுச் செலவில் மேலும் ஒரு சலுகை அவர்களுக்குத் தேவையில்லை.

மூன்றாவது, தூரத்தின் விலையைக் குறைப்பது. இதில் செய்துகாட்டிய முன்மாதிரிகள் இங்கேயே உள்ளன. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கணக்கிட்டது. அரசு எந்தப் பொருளின் விலையையும் குறைக்காமல், ஊரை மாற்றச் சொல்லாமல், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே இருந்த செலவை மட்டும் எடுத்துவிட்டது. 2022 ஜனவரியில் விருதுநகர், ராமநாதபுரம், அரியலூர், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் உள்ளிட்ட பதினோரு மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்ததும் இதே வகை. கட்டடம் எழும்பிய இடங்களில் சிறப்பு மருத்துவர்கள் நிலைத்து நின்றால் சென்னை, மதுரைப் பயணங்கள் குறையும். ஊரை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும் என்பவருக்கு மாநகரத்தின் நுழைவுக் கட்டணத்தைக் குறைப்பதும் இதன் மறுபக்கம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளும், ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பும் அந்த வழியில் எடுத்துவைத்த அடிகள்.

ஆகவே ஊர்களை ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்வி வாடகை எவ்வளவு என்பதில் நின்றுவிடக் கூடாது. அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே வேலை தேடும் ஒருவருக்கு வாடகையும் பயணமும் போக மாதக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது, அவர் வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அந்த மிச்சம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்க வேண்டும். அந்த மிச்சம் சென்னையில் கிடைக்கும் மிச்சத்தை எட்டும் வரை, சிற்றூரின் மலிவு அங்கே உழைப்பவருக்குச் சேர வேண்டிய பாக்கியாகவே நிற்கும். அந்தப் பாக்கியைத் தீர்க்கும் ஊர்களில் இளைஞர்கள் தாமாகவே தங்குவார்கள். யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருக்காது.